தண்ணி, மருந்து, வான், மிதிவெடி: வன்னிக்கு வருகிறவர்களுக்குச் சில சொற்கள்

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னிக்கு மாற்றலாகி வருகிறவர்களுக்கு எல்லாரும் புத்தி சொல்லித்தான் அனுப்புகிறார்கள். நுளம்புவலை கொண்டு போ, கொதித்தாறின தண்ணியைக் குடி, பொழுதுபட்ட பிறகு காட்டு றோட்டில் மோட்டார்சைக்கிளில் போகாதே, ஆனை நிற்கும். பேச்சைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. தமிழ்தானே, போய்ச் சமாளிக்கலாம் என்று வந்து இறங்குகிறார்கள். வந்த கிழமையிலேயே, முழுக்கத் தமிழில் நடந்த கதை பாதி விளங்காமல், எல்லாரும் ஏன் சிரிக்கிறார்கள் என்றும் தெரியாமல், தங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களாக்கும் என்று நினைத்து ஒரு மூலையில் போய் இருந்துவிடுகிறார்கள். அதைப் பார்க்க எனக்குக் கவலையாக இருக்கும். அனேகமாக அந்தச் சிரிப்பு அவர்களை உள்ளே வா என்று கூப்பிடுகிற சிரிப்பு.

நான் ஒட்டுசுட்டான் பக்கம் பிறந்து வளர்ந்தவள். கமக்காரரின் அலுவல்களைப் பார்க்கிற அரச அலுவலகமான கமநல சேவை நிலையம் ஒன்றில் வேலை. புதிதாக வருகிறவர்களை ஊருக்குள் கூட்டிக்கொண்டு போய் ஆட்களைக் காட்டிவிடுகிற வேலை பெரும்பாலும் என்னிடம்தான் வரும், எனக்கும் அது விருப்பம். யாழ்ப்பாணத்தில் இருந்து, மட்டக்களப்பில் இருந்து, மலையகத்தில் இருந்து வருகிற உத்தியோகத்தர்கள், இடைக்கிடை இந்தியாவில் இருந்து வருகிற பயிற்சியாளர்கள், வெளிநாட்டில் பிறந்து விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரப் பிள்ளைகள் என்று பலரோடும் திரிந்ததில், எவர் எந்தச் சொல்லில் தடக்குப்படுவார் என்பது பாடமாகிவிட்டது.

முதலில் தண்ணி. தண்ணி என்றால் சாராயம் என்பது தமிழ் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், அதில் புதுமை இல்லை. ஆனால் வன்னியில் உண்மையான தண்ணியைப் பற்றியும் நாள் முழுக்கக் கதைக்கவேண்டி இருக்கிறது. குளம், வாய்க்கால், கிணறு, வயல் என்று எங்கள் வேலையே தண்ணிதான். அதனால் இரண்டு கருத்தும் ஒரே வசனத்துக்குள் வந்து நிற்கும். ஒரு கணக்கெடுப்புக்காக ஒரு புதுத் தம்பியோடு போயிருந்தோம். படிவத்தில் உள்ளபடி அவர் ஒரு வீட்டு அக்காவிடம், "வீட்டில தண்ணிப் பிரச்சினை ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். அக்கா உடனே, "ஓம் தம்பி, ஒவ்வொரு நாளும் பின்னேரத்தில இருந்து பிரச்சினைதான்" என்றா. எப்போது இருந்து என்று கேட்டார். "கலியாணம் கட்டின நாளில இருந்து." தம்பி அதையும் எழுதிக்கொண்டு, ஆழம் எவ்வளவு என்று கேட்க, "அதின்ர ஆழத்தை என்னால இன்னும் காண ஏலாமக் கிடக்கு" என்றா அக்கா. முற்றத்தில் நின்ற அவ்வளவு பேரும் சிரித்தார்கள், அக்காவும் சேர்ந்துதான் சிரித்தா. தம்பிக்கும் பிறகு விளங்கி அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவர் படிவத்தை மூடி வைத்துவிட்டு அங்கேயே குந்தியிருந்து அந்த அக்கா சொன்னதையெல்லாம் கேட்டார். அது எனக்கு மிகவும் பிடித்தது. எங்கள் பெண்கள் பலர் வீட்டுத் துன்பத்தை நேரே சொல்லமாட்டார்கள், பகிடிக்குள் வைத்துத்தான் சொல்லுவார்கள். அதைச் சிரித்துவிட்டு விட்டால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆகவே கேட்கும்போது கிணத்துத் தண்ணியோ, குழாய்த் தண்ணியோ, வாய்க்கால் தண்ணியோ என்று பிரித்துக் கேளுங்கள். இரவில் ஒரு கமக்காரர் "தண்ணி மாறப் போறன்" என்று சொன்னால் அவர் வாய்க்கால் தண்ணியை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிடப் போகிறார். மனிசி மட்டும் "எந்தத் தண்ணி?" என்று கேட்பா. அது அவவுக்கு உள்ள உரிமை, நாங்கள் கேட்கக்கூடாது.

குளத்தோடு சேர்ந்த சொற்கள் எல்லாமே இப்படித்தான் இரண்டு வேலை பார்க்கும். துருசு என்றால் குளத்தில் இருந்து வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிற மதகு. நல்லாக் காசு வைத்திருக்கிறவர் தேத்தண்ணிக் கடையில் சட்டைப்பைக்குள் கை விடாமல் நின்றால் "இவர் இன்னும் துருசு திறக்கேல்லை" என்பார்கள். வான் என்றால் குளம் நிரம்பி மேலதிக நீர் வெளியேறுகிற இடம். நிரம்பி வழிந்தால் குளம் வான் பாய்கிறது என்போம். இரணைமடு கிளிநொச்சியில் உள்ள பெரிய குளம். கொழும்பில் இருந்து வந்த ஒரு தங்கச்சி, "இரணைமடுவில வான் கதவு திறந்தாச்சாம்" என்று ஆட்கள் பதற்றமாகக் கதைப்பதைக் கேட்டு, வாகனத்தின் கதவு திறந்ததற்கு ஏன் இவ்வளவு பேர் ஓடுகிறார்கள் என்று கேட்டா. கேட்டது நியாயம்தான், ஓடுகிற வானையும் நாங்கள் வான் என்றுதான் சொல்கிறோம்.

பகிடியில் வான் பாய்வது இன்னும் பல இடங்களில் நடக்கும். மகன் வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பினால் "அவருக்கு இப்ப வான் பாயுது." சின்னப்பிள்ளை உதட்டைப் பிதுக்கினால் "விலத்துங்கோ, வான் பாயப்போகுது." ஆனால் இந்தச் சொல்லுக்குக் காலம் இருக்கிறது, இதை வருகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கோடையில் அது பகிடி. கார்த்திகை, மார்கழியில் மழை பிடித்துவிட்டால் அது எச்சரிக்கை. 2018 டிசம்பரில் ஒரே இரவில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் தாண்டபோது இரணைமடுவின் வான்கதவுகளைப் பற்றித்தான் ஊர் முழுக்கக் கதைத்தது. வயலையும் மாட்டையும் வெள்ளம் கொண்டுபோன ஒருவருக்கு முன்னால் மாரிகாலத்தில் வான் பகிடி விட்டால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் அதற்குப் பிறகு உங்களோடு கதைக்கவும் மாட்டார்.

சூடு இன்னொன்று. வெட்டின நெல்லைக் கதிரோடு குவித்து வைப்பது சூடு, அதை அடித்து நெல்லெடுப்பது சூடடிப்பு. இப்போது வெட்டுமெசின் வந்து வயலிலேயே மூடையாக்கிவிடுவதால் சூடு குறைந்துவிட்டது, சொல் குறையவில்லை. நகரத்தில் வளர்ந்த ஒரு தாதிப் பிள்ளைக்கு இரவில் "சூடடிச்ச இடத்தில ஆள் விழுந்திட்டுது, கொண்டு வாறம்" என்று போன் வந்தால் அந்தப் பிள்ளைக்கு என்ன விளங்கும்? துவக்குச் சூடு என்றுதானே. வந்தவர் வைக்கல் போரில் இருந்து வழுக்கி விழுந்தவர். அதனால் வைத்தியசாலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது, என்ன நடந்தது என்று இரண்டாம் முறையும் கேள், வேறு சொல்லில் சொல்லச்சொல்லிக் கேள்.

மருந்துக்கு இது இன்னும் முக்கியம். மருந்து என்றால் குளிசை, பாணி. மருந்து என்றால் வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினி, களைநாசினி. பின்னேரத்தில் இரண்டு பேர் கண்ணைக் காட்டி "மருந்து எடுத்தாச்சோ?" என்று கேட்டால் அது சாராயம். இந்த மூன்றாவது கருத்தில் அவிழ்த்துவிடுகிற பகிடிகளுக்கு அளவே இல்லை: "டொக்டர் ரண்டு வேளைக்கு எழுதித் தந்தவர், நான் ஒரே வேளையில முடிச்சிட்டன்" என்கிற மாதிரி. ஆனால் ஒருவர் ஓடி வந்து "மருந்து குடிச்சிட்டான்" என்று சொன்னால் அதில் பகிடி கிடையாது. கமக்கார ஊரில் அந்த வசனத்துக்கு ஒரே கருத்துத்தான், நஞ்சு குடித்துவிட்டான். அந்த நேரத்தில் விளக்கம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். போத்தலை எறியவிடாதீர்கள், கையோடு வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள், எதைக் குடித்தார் என்று டொக்டர்மாருக்குத் தெரியவேண்டும். தாங்களாக வாந்தி எடுக்கவைக்கவும் விடாதீர்கள்.

பெரியவர் கதையைச் சொல்லாமல் விட்டால் வன்னியைப் பற்றி எழுதினதாகவே ஆகாது. காட்டோரத்தில் ஆனையை ஆனை என்று சொல்வதைத் தவிர்க்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், பெயர் சொன்னால் வந்துவிடும் என்று. பெரியவர் என்பார்கள். புதிதாக வந்த உத்தியோகத்தர் ஒருவரிடம் ஒரு ஐயா வந்து, "பெரியவர் இரவு வேலியைப் பிரிச்சு உள்ளுக்கு வந்து, வாழை முழுக்க முறிச்சு, தென்னம்பிள்ளை ரண்டையும் பிடுங்கிச் சாப்பிட்டிட்டுப் போயிட்டார்" என்று முறையிட்டார். இவர் கோபமாகி, "நீங்கள் ஏன் பொலிசில் சொல்லவில்லை? எந்தப் பெரியவராக இருந்தாலும் பயப்படாதீங்கோ" என்றார். ஐயா கொஞ்ச நேரம் அவரைப் பார்த்துவிட்டு, "தம்பி, அவரைப் பிடிக்கிற விலங்கு இன்னும் செய்யேல்லை" என்றார். பிறகு இருவரும் நல்ல சிநேகிதம். ஆனைச் சேதம் என்றால் கிராம சேவையாளருக்கும் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கும் அறிவிக்கவேண்டும், அந்தக் கடிதத்தில் பெரியவர் என்று எழுதக்கூடாது, இதைச் சிரித்துக்கொண்டு சொன்னாலும் உண்மையாகத்தான் சொல்கிறேன்.

ஆனையில் இருந்து மனிசருக்கு வந்த பெயர்களும் உண்டு. கூட்டத்தில் சேராமல் தனியாகத் திரிகிற ஆண் ஆனை தனியன். அதுதான் அனேகமாக ஆட்களைத் துரத்தும். கலியாணம் கட்டாமல், ஒருவரோடும் சேராமல், எதைக் கேட்டாலும் பாய்கிறவருக்கும் ஊரில் பெயர் தனியன். "தனியன் றோட்டில நிக்குது, மற்றப் பக்கத்தால போங்கோ" என்றால் எந்தத் தனியன் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. இரண்டும் ஆபத்துத்தான், ஒன்றில் மோட்டார்சைக்கிளைத் திருப்பவேண்டும்.

எங்கள் அம்மம்மா பொழுதுபட்டால் பாம்பு என்று சொல்லமாட்டா, பூச்சி என்பா. "பூச்சி ஒண்டு கடிச்சுப்போட்டுது" என்று இரவில் ஒருவர் வந்தால், குளவியா நுளம்பா என்று யோசிக்காமல் புடையனாகவும் இருக்கலாம் என்று நினைத்துக் காலைப் பாருங்கள்.

சூடடிக்கிற களமான களவெட்டியிலும் இப்படி ஒரு தனிப் பேச்சு இருந்தது. அப்பப்பா சொல்லித் தந்தவர். நெல் குவிந்துகிடக்கிற இடத்தில் நெல்லைப் பொலி என்பார்கள். ஓலையில் இழைத்த கடகத்தைக் கடகம் என்று சொல்லாமல் பெருவாயன் என்பார்கள். முடிந்தது, தீர்ந்தது, இல்லை என்கிற சொற்கள் வாயில் வரக்கூடாது. சின்னப்பிள்ளைகள் நாங்கள் பெருவாயன் என்ற பெயரை எடுத்து, சாப்பாட்டில் கெட்டிக்காரனாக இருந்த எங்கள் ஒன்றுவிட்ட அண்ணைக்கு வைத்தோம். அவர் இப்போது கனடாவில் இருக்கிறார், அங்கேயும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். வெட்டுமெசின் வந்தபிறகு இந்தப் பேச்சைக் கேட்கவே கிடைப்பதில்லை. தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே யாராவது உட்கார்ந்து எழுதி எடுத்தால் நல்லது, நான் கேட்கிற ஊர்களில் என் கொப்பியில் எழுதிக்கொண்டு வருகிறேன்.

அலுவலகத்துச் சொல்லிலும் ஒரு கூத்து இருக்கிறது. விவசாயப் போதனாசிரியரை எங்கள் பக்கம் ஏஐ என்பார்கள். மாட்டுக்குச் செயற்கைமுறையில் சினைப்படுத்துவதும் ஏஐ. புதிதாக வந்த போதனாசிரியர் வயல் பார்க்க ஒரு வீட்டுப் படலையைத் திறக்க, அந்த வீட்டு ஆச்சி உள்ளே பார்த்து, "மோனை, ஏஐ வந்திட்டார், பசுவைப் பிடிச்சுக் கட்டு" என்று கூப்பிட்டா. இப்போது பெடியள் போனில் ஏஐயிடம் கேட்டேன் என்கிறார்கள், ஆச்சி அதை எப்படி எடுத்துக்கொள்ளுவா என்று நான் இன்னும் கேட்கவில்லை.

இந்தியாவில் இருந்து வருகிறவர்களுக்கும் வெளிநாட்டில் படத்தைப் பார்த்துத் தமிழ் பிடித்த பிள்ளைகளுக்கும் வேறு சில இடங்களில் தடக்கும். இவை வன்னிக்கு மட்டும் உரியவை இல்லை, வடக்கு முழுக்க உள்ளவைதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிடும்போது "சோறு காணும்" என்றால் போதும் என்று கருத்து, சோற்றைக் காணவில்லை என்று இன்னும் அள்ளிப் போடாதீர்கள். "அவர் என்னைப் பேசிப்போட்டார்" என்றால் ஏசிவிட்டார். சாதாரணமாகக் கதைப்பதற்குக் கதைத்தார் என்றுதான் சொல்லுவோம். "வெளிக்கிட்டாச்சோ?" என்றால் புறப்பட்டாயிற்றா, உடுப்பு மாற்றியாயிற்றா என்று கேட்கிறார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. "வடிவாச் சாப்பிடுங்கோ" என்றால் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். "எனக்குச் சரியான தடிமன்" என்றால் மூக்கால் ஓடுகிறது. "அப்ப நான் வரட்டே?" என்று ஒருவர் எழும்பினால் அவர் போகிறார், வாங்கோ வாங்கோ என்று கதிரையைக் காட்டினால் பாவம் திரும்ப இருக்கவேண்டி வரும். மதுரைப் பக்கத்தில் இருந்து வந்த ஒருவரை எங்கள் ஊர் ஆச்சி கன்னத்தைத் தடவி "என்ர குஞ்சு, களைச்சுப்போனாய்" என்று சொல்ல, மனிசன் முகம் சிவந்து என்னைப் பார்த்தார். ஆச்சியின் வாயில் அதைவிட அன்பான சொல் இல்லை என்று நான் விளங்கப்படுத்தின பிறகு, போகும்வரை ஆச்சி வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடிக்காமல் அவர் விட்டதில்லை.

வெளியாள், உள்ளாள் என்று மட்டும் இல்லை, ஒரே வீட்டுக்குள்ளேயே இப்போது இரண்டு கருத்து ஓடுகிறது. பிள்ளைப்பெற்ற வீட்டில் அம்மம்மா, "சரக்கு அரைச்சு வைச்சிருக்கிறன், பின்னேரம் குடுக்கவேணும்" என்றா. மிளகு, மல்லி, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துக் காய்ச்சுகிற பத்தியக் கறிக்குரிய சரக்கு அது. படம் பார்த்து வளர்ந்த பேரன்மார் இரண்டு பேரும் குசினிக்குள் போய் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மம்மா விடவில்லை, என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டா. "அதுக்கும் இதுக்கும் ஒரே பேரோ? அப்ப உங்கட கொப்பருக்கும் கொஞ்சம் குடுங்கோ, நல்லாத் தூங்கட்டும்." கடலை போடுவது என்பதும் படத்தால் வந்ததுதான். எங்களுக்கு நிலக்கடலை கச்சான், யாழ்ப்பாணத்துக்குப் போகிற பெருந்தெருவான ஏ9 வீதியால் போகிற வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிட நிற்கும்போது வாங்குகிற கச்சான். பெட்டையோடு மணித்தியாலக் கணக்கில் போனில் நிற்கிற பெடியனைப் பார்த்து எங்கள் அலுவலகத்தில், "முறிகண்டியில கடை போட்டிட்டார்" என்பார்கள். இப்படி வெளியில் இருந்து வந்த சொல்லையும் எங்கள் இடத்துக்கு ஏற்றமாதிரித் திருத்தி எடுப்பதில் எங்கள் சனத்துக்கு உள்ள கெட்டித்தனம் எனக்குப் பெருமை.

இனிப் போர் தந்த சொற்கள். இதில்தான் வருகிறவர்கள் கவனமாக இருக்கவேண்டும்.

மிதிவெடி தெரியும்தானே, காலை எடுக்கிறது. வடக்கில் தேத்தண்ணிக் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி இருக்கிற ஒரு சிற்றுண்டிக்கும் மிதிவெடி என்றுதான் பெயர். ரோல்ஸ் மாதிரித்தான், உள்ளே கிழங்கு, இறைச்சி, அவித்த முட்டைத்துண்டு, வெளியே பாண்தூள் பிரட்டிப் பொரித்தது, ஒன்று சாப்பிட்டால் மத்தியானம் வரை தாங்கும். முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றுகிற வேலைக்குப் போகிற பிள்ளைகள், அவர்களில் பெண்கள் நிறையப் பேர், விடிய வந்து "அண்ணை, ரண்டு மிதிவெடி, ஒரு பிளேன்ரீ" என்பதைப் புதிதாகக் கேட்கிறவர்கள் திகைத்துப் போவார்கள். அந்தப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டுதான் கேட்பார்கள். நாள் முழுக்கக் குந்தியிருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் கிளறப் போகிற ஒருத்தி, காலையில் அதையே கடித்துத் தின்றுவிட்டுப் போகிறாள் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதைதான் வரும்.

நீங்களும் மிதிவெடி என்று கேட்டு வாங்கிச் சாப்பிடலாம், அது கடையில் உள்ள சாமானின் பெயர், ஒருவரும் கோவிக்கமாட்டார்கள். ஆனால் அதில் இருந்து புதிதாக ஒரு பகிடி கட்டாதீர்கள். பக்கத்து மேசையில் இருக்கிறவர் செயற்கைக் காலைக் கழற்றிச் சாத்தி வைத்துவிட்டு இருக்கலாம். அவர் தன் காலைப் பற்றித் தானே பகிடி விடுவார், எங்கள் ஊரில் அப்படி ஒருவர் "எனக்கு ஒரு செருப்புக் காணும், அரை விலைக்குத் தாங்கோ" என்று கடைக்காரரோடு மல்லுக்கட்டுவார். அதற்கு நாங்கள் சிரிக்கலாம். அந்தப் பகிடியைத் தொடங்குகிற உரிமை அவருக்கு மட்டும்தான்.

ஆள் இல்லாமல் மேலே சுற்றிக்கொண்டே இருந்த வேவு விமானத்தைச் சனம் வண்டு என்றது, அந்த இரைச்சலால் வந்த பெயர். இப்போது ஒழுங்கைக்குள் யார் வந்தார், யார் போனார் என்று படலையில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறவருக்கு வண்டு என்று பெயர். "வண்டு மேல நிக்குது, உள்ளுக்கு வந்து கதை." பங்கருக்குள் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டவர்கள் சொல்கிற பகிடி இது. கலியாண வீட்டில் படம் எடுக்கிற ட்ரோன் தலைக்கு மேல் வந்தபோது இதே ஆட்களில் சிலர் சாப்பாட்டை விட்டு எழும்பி மண்டபத்துக்குள் போனதையும் பார்த்திருக்கிறேன். ஊருக்குள் ட்ரோன் விடுகிறவர்கள் முதல் நாளே வீடு வீடாகச் சொல்லிவிட்டு விடுங்கள்.

இந்தியப் பயிற்சியாளர் ஒருவர் கூட்டம் தொடங்கும்போது, "எல்லாரும் உங்க செல்லை அணைச்சு வையுங்க" என்றார். எங்களுக்குச் செல் என்றால் எறிகணை, கையில் வைத்திருப்பது போன். மண்டபம் ஒரு கணம் அமைதியாகிவிட்டது. பின்னால் இருந்த ஒரு ஐயா, "அப்பவே ஆரும் இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தவர்களும் இருந்தார்கள். பயிற்சியாளருக்கு நான் எழும்பி விளங்கப்படுத்தினேன். அவர் அதற்குப் பிறகு இரண்டு நாளும் போன் என்றுதான் சொன்னார், அந்த ஐயாவிடம் போய்த் தனியாகக் கதைத்துவிட்டும் வந்தார்.

ஏச்சுச் சொற்களைப் பற்றியும் சொல்லவேண்டும். குறுக்கால போவான், நாசமறுப்பான், கோதாரி விழுவான். கேட்டால் சாபம் மாதிரி இருக்கும். ஆச்சிமாரின் வாயில் இவை செல்லம். "குறுக்கால போவான், சாப்பிடாமல் எங்க திரியிறாய்" என்றால் சோறு போட்டு வைத்திருக்கிறா என்று கருத்து. வெளிநாட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்டு அழுதும் இருக்கிறார்கள், பிறகு இதையே பழகி விமான நிலையத்தில் நின்று ஆச்சிக்குப் போன் எடுத்து ஒருதரம் ஏசச் சொல்லிக் கேட்டும் இருக்கிறார்கள். ஆனால் போர் முடிந்த 2009க்குப் பிறகு இந்தச் சொற்களை அடியோடு விட்டுவிட்ட தாய்மார் பலரை எனக்குத் தெரியும். பிள்ளை போன வீட்டில் சாவைத் தொடுகிற சொல் ஒன்றும் இல்லை, பகிடிக்கும் இல்லை. மகனைக் காணவில்லை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிற அம்மாவிடம் "போறன்" என்று சொல்லிவிட்டு எழும்பாதீர்கள். "போட்டு வாறன்" என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம் எப்படிப் பழகுவது என்று கேட்பார்கள். நான் பார்த்த வரையில் கெதியாகப் பழகினவர்கள் எல்லாரும் ஒரே தேத்தண்ணிக் கடைக்குத் திரும்பத் திரும்பப் போனவர்கள். ஒரே கடை, இருக்க ஒரே வாங்கு. முதல் மாதம் கேட்டுக்கொண்டு மட்டும் இருங்கள். விளங்காவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரிடம் "அதுக்கு என்ன கருத்து அண்ணை?" என்று கேளுங்கள், சந்தோசமாகச் சொல்லித் தருவார்கள், அதோடு இன்னும் நாலு சொல்லையும் சேர்த்துத் தருவார்கள். பாடசாலைப் பிள்ளைகள் அதைவிட நல்ல வாத்திமார், ஆனால் பிள்ளைகள் வேண்டுமென்றே பிழையான கருத்தையும் சொல்லித் தருவார்கள், ஆகவே பெரியவர்களுக்கு முன்னால் பாவிக்க முதல் ஒருதரம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சாதாரணச் சாமான்களின் பெயர்களிலேயே சபையில் சொல்லக்கூடாத கருத்து ஒளித்திருக்கிறவை சில உண்டு. அவற்றை நான் இங்கே எழுதவில்லை, வேலைக்கு வருகிற பெண்பிள்ளைகள் என்றால் கூட வேலைசெய்கிற அக்காமாரிடம் முதல் கிழமையே கேட்டுவிடுங்கள்.

பட்டப்பெயரைக் கேட்கலாம், சொல்லக்கூடாது. ஒருவரை ஊர் முழுக்கத் தனியன் என்றாலும் நீங்கள் அண்ணை என்றே சொல்லுங்கள். வயது தெரியாவிட்டால் ஐயா, அம்மா, அது எங்கேயும் பிழைக்காது. ஒருநாள் உங்களுக்கும் ஒரு பட்டம் விழும், விழுந்தால் சந்தோசப்படுங்கள், உங்களை ஊரில் ஒருவராக எடுத்துவிட்டார்கள். அறிக்கை எழுதும்போது மட்டும் ஊர்ச் சொல்லோடு பொதுச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள், கொழும்பில் இருந்து வாசிக்கிறவருக்கு வான் எது என்று தெரியாது.

கடைசியாக ஒன்று, இது முதல் நாளே தேவைப்படும். பஸ்ஸில் நடத்துநர் "இறக்கம் இருக்கோ?" என்று கத்துவார். இறங்க ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் கேட்கிறார். யாரும் இல்லாவிட்டால் பின்னால் இருந்து யாராவது "இரக்கமே இல்லை, ஓட்டு" என்பார்கள், அது தினமும் நடக்கிற பகிடி. நீங்கள் இறங்கவேண்டும் என்றால் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள், சந்தி வரமுதலே எழும்பிப் பையைத் தூக்கிக்கொண்டு "இறக்கம்!" என்று பலமாகச் சொல்லுங்கள். மெதுவாகச் சொன்னால் சாரதிக்குக் கேட்காது, பாட்டுப் போட்டிருப்பார். அடுத்த சந்தியில்தான் நிற்பாட்டுவார், ஏ9இல் அடுத்த சந்தி சில வேளை நல்ல தூரம்.